இடுப்பளவு தண்ணீர்

முதல் கரு கலைந்ததிலிருந்து மங்களேஸ்வரி தன் மருமகளை ஒரு குடம்கூடத் தூக்க விட்டதில்லை. அதனால் இந்த முறை ஏழாம் மாதத்தில் டாக்டரம்மா, "இளவஞ்சி நல்லா நீந்தலாம், முதுகுவலிக்கு இதமா இருக்கும்" என்று சொன்னபோது அவளுக்குப் பகீரென்றது.

மறுநாள் பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்துக்குக் கூடவே போனாள். இளவஞ்சி படியிறங்கி, வயிறு மட்டும் மேலே தெரிய மல்லாந்து மிதந்தாள். மங்களேஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கட்டிய சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மருமகளின் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கினாள்.

"அத்தை, உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியாதுதான். நீ பாட்டுக்கு மெதந்துக்கிட்டு இரு."

இளவஞ்சி சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் சளசளவென்று படியில் மோதிக்கொண்டிருந்தது.

"கைக்குக் கனமே தெரியலையேடி" என்றாள் மங்களேஸ்வரி. "உள்ள அதுக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும் அத்தை."

மங்களேஸ்வரி தன் கைகளை மருமகளின் முதுகை விட்டு மெல்ல, ஒரு விரல்கடை அளவுக்கு, கீழே இறக்கிப் பார்த்தாள்.