மயில் தோகையும் சோள மிஷினும்

கிட்ட வந்து உட்காருங்க, அப்போதான் கேட்கும். ஒரு காட்டில் மக்காச்சோளம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. சோளம் காட்டுப்பன்றியுடையது. அதை அடிக்கிற மிஷினை ஓட்டுவது கீரி.

பாதி அடித்திருக்கும்போது மேகம் கறுத்தது. மேகத்தைக் கண்டதும் மயிலுக்குக் கால் நிற்கவில்லை. சுத்துகிற பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே தோகையை விரித்து ஆட ஆரம்பித்துவிட்டது. கீரி சட்டென்று மிஷினை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டது.

"ஏன்டா நிறுத்தினே? மழை பெஞ்சா என் சோளம் பூராவும் நனைஞ்சு முளைச்சுப் போயிடும்டா!" என்று பன்றி குதித்தது.

"மயிலண்ணன் தோகை பெல்ட்டுல சிக்கினா ஆளையே இழுத்துடும், முதலாளி."

"போன வருஷமும் இதே மிஷின் பக்கத்துலதான் ஆடினேன். ஒரு இறகு போனதில்லை," என்றது மயில்.

"கேட்டியா? அவனுக்கே பயமில்லை, உனக்கென்னடா?" என்றது பன்றி.

"ஓட்டுறது நானாச்சே," என்ற கீரி, மயில் பக்கம் திரும்பியது. "அண்ணே, இந்தத் தூசிக்குள்ள உங்க ஆட்டம் யார் கண்ணுக்குத் தெரியுது? அதோ அந்தப் பாறை மேல ஆடினா காடே பார்க்கும்."

மயில் சிறகடித்துப் பாறைக்குப் பறந்துவிட்டது.

"இப்பவாவது ஓட்டித் தொலைடா!" என்று பன்றி மிஷினை ஒட்டி நின்று கத்தியது.

கீரி மிஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. "நீங்களும் பத்தடி தள்ளி நில்லுங்க, முதலாளி," என்றது. பன்றி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்த பிறகுதான் சாவியைப் போட்டது.