மேடையில் ஒரு நாற்காலி

பொதுத்துறை மனிதவள மேலாளர்கள் சங்கத் தலைவி திலகவதிக்கு ஒரு நாற்காலியை என்ன செய்வதென்று தெரியவில்லை. சங்கத்தின் பிரிவுபசார விழாவில் ஓய்வு பெறுபவர்களைக் கணவன் அல்லது மனைவியோடு மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். இந்த முறை ஓய்வு பெறும் அருளப்பனின் மனைவி போன மாதம் இறந்துவிட்டார். நாற்காலியை எடுத்தாலும் இடைவெளி தெரியும், போட்டாலும் தெரியும்.

“நான் வரல மேடம். இதுக்குன்னே புடவை எடுத்து வச்சிருந்தா,” என்றார் அருளப்பன் போனில்.

வழக்கம் ஒருவரைக் குத்தினால், அவருக்கு மட்டும் தரும் விலக்கும் குத்தும். “குடும்பத்தார் எல்லாரும் மேடைக்குக் கீழ, முதல் வரிசையில உட்காரட்டும்,” என்றார் திலகவதி விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில்.

“எங்க வீட்டம்மா மேடைக்குன்னு பார்லருக்கே போயிட்டு வந்துட்டாங்க மேடம்,” என்றார் தானும் ஓய்வு பெறும் சங்கச் செயலாளர்.

விழாவன்று மேடையில் அருளப்பன் உட்பட ஆளுக்கு ஒரு நாற்காலி. மனைவிகளும் கணவர்களும் முதல் வரிசையில் நெருங்கி உட்கார்ந்ததால், அங்கே யார் இல்லை என்பது தெரியவில்லை.