முதலாளியின் கைப்பட்டை

முதலாளி தினகருக்குக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த, ரத்தச் சர்க்கரையை அளக்கும் கைப்பட்டை கஜபதியின் மணிக்கட்டில் ஏறி எட்டு மாதமாகிறது. நீலாங்கரை பங்களாவில் அவர் பிரியாணியை வெளுத்துக் கட்டுவார். அவர் பெயரில் சர்க்கரைக் கோடு ஏறாமலிருக்க, வியாசர்பாடியில் இவன் அரிசியைத் தொடாமல் கொள்ளும் சுண்டலும் தின்று, தினம் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். கோடு தாழ்ந்திருந்தால்தான் அவருக்குக் காப்பீடு, இவனுக்குச் சம்பளம்.

மகளின் காதுகுத்தன்று பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன், வேர்த்துக் கொட்டி, வாளியோடு சரிந்தான். மனைவி அமுலு ஓடிவந்து, ஓர் இலையிலிருந்த பாயசத்தை வழித்து அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம்மே... கோடு ஏறிடும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அதோடு நினைவு தப்பியது. கடித்த பல்லை அவளால் பிரிக்கவும் முடியவில்லை.

கைப்பட்டை சிவந்து பேசியது: "சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

அமுலு அவன் தலையை மடியில் ஏந்தியபடி தெருமுனையையே பார்த்திருந்தாள். "தோ வந்துடும்யா, தோ வந்துடும்."

ஆறாவது நிமிடம் அது மறுபடி பேசியது: "தினகர் சார், ஆம்புலன்ஸ் உங்கள் பங்களா வாசலில் நிற்கிறது. தயவுசெய்து கதவைத் திறக்கவும்."