எதை எடுத்தால் எல்லாம் நிற்கும்

உதயராஜ் வரைபடத்தை மேசையில் விரித்தான். தாள் முழுக்கப் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். இதை ஒழுங்காக விளக்கிவிட்டால் போதும் என்று நினைத்தான்.

"புள்ளியெல்லாம் செல்லுக்குள்ள இருக்கிற புரதங்க, சேர். கோடு இருந்தா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. கம்பஸ்ல இதுக்கு ஒரு ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப் போறோம்."

எதிரே இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போறோம்னா, எத்தன பேரு?"

"இப்போதைக்கு அஞ்சு பேருங்க. ரெண்டு பேரு எங்க தெஹியோவிட்டப் பக்கம்."

"வெளிநாட்டுல யாரும் உதவுறாங்களா?"

"கனடால ஒரு புரொபெசர் இருக்காருங்க. மெஷின் அனுப்புறேன்னாரு."

"தமிழரா?"

"ஆமாங்க சேர். யாழ்ப்பாணம்."

அவர் தலையாட்டினார். வரைபடத்தை விரலால் தட்டினார்.

"இதுல எத எடுத்தா எல்லாம் நிக்கும்?"

அவனுடைய ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான். நடுவிலிருந்த மூன்று பெரிய புள்ளிகளைத் தொட்டுக் காட்டினான்.

"இந்த மூணும் போனா மத்ததெல்லாம் தானா நின்னுரும், சேர்."

"நல்லா வெளங்குது."

அவர் எழுந்து தொப்பியை மாட்டினார். வாசலில் துப்பாக்கியோடு நின்ற பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் சொன்னார்.

"இயக்கத் தலைவன்மார் மூணு பேரையும் காட்டிட்டான். ஜீப்ப எடு."

சோதனைச் சாவடியில் பொலிஸார் அவனை இறக்கிக்கொண்ட பஸ் எப்போதோ போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் திட்டத்தை முடிவு செய்யும் கூட்டம் தொடங்கியிருக்கும். அங்கே அவனிடம் யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.