நெருங்கி வந்த அலறல்

ஆல்வின் தனியாளாக வீட்டிலேயே பதிவுசெய்து வெளியிட்ட, அலறிப் பாடும் பிளாக் மெட்டல் இசை ஆல்பத்தை, அவனை விட்டு விலகிவந்த மனைவி ஜெனிட்டா ஏழெட்டு முறை கேட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பழைய டேப்ரெக்கார்டரின் இரைச்சலுக்கு அடியில் கிட்டார் தகரக் கூரை மழைபோல் விடாமல் பெய்தது. நான்காவது பாட்டில் மங்கலாக ஒரு குக்கர் விசில். அடுத்து அந்த அலறல். அது அவளுடையது. தம்பி செத்துப்போனான் என்று போனில் கேட்ட காலையில், அடுக்களையில் நின்று அவள் அலறியது. பாட்டில் அது போகப்போக நெருங்கி வந்தது. அன்று அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. தோளைத் தொட வராதவன், மைக்கைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்திருக்கிறான். அட்டையில் ‘எல்லாக் குரல்களும் கருவிகளும்: ஆல்வின்’ என்றிருந்தது.

அவனுடைய முதல் மேடை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைப் பெண், “அந்த அலறலக் கேக்கத்தான் வந்தேன்க்கா. மனுசன் எங்கேருந்துதான் எடுக்காரோ!” என்றாள்.

“பாப்போம்,” என்றாள் ஜெனிட்டா.

நான்காவது பாட்டு வந்தது. ஆல்வின் வாயைத் திறந்தான். வெறும் கமறல்தான் வந்தது. மறுபடி முயன்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் அவளைப் பார்த்தான். கிட்டாரை நிறுத்திவிட்டு, மேடை விளிம்பில் மண்டியிட்டு, மைக்கை அவள் முகத்தருகே நீட்டினான். அரங்கமே அடங்கிப்போனது.

ஜெனிட்டா கைப்பையிலிருந்து இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்தாள். தாள் பிரியும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும்படி மைக்குக்கு நேராக நிதானமாகப் பிரித்து, வாயில் போட்டு, உதடுகளை மூடிக்கொண்டாள்.