வேரில் இருந்தவர்

இறந்தவரின் இரத்தச் சிவப்பை பயிரின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரில் ஏற்றி, அவர் வயலுக்கே விதையோடு கொடுப்பதுதான் இப்போது வழக்கம். அதனால் கணவர் போன பிறகும் அஞ்சுகம் பொட்டை அழிக்கவில்லை. தினமும் ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்ப்பாள். உள்ளே சிவந்திருந்தால் அவர் இருக்கிறார்.

இன்று கீறியபோது வெளிறிக் கிடந்தது. அடுத்த செடியிலும் அப்படித்தான்.

வரப்பில் நின்ற கொழுந்தன் தேசிங்கு தலையைச் சொறிந்தான். "எல மஞ்சளடிச்சுதேன்னு யூரியா போட்டேன் அண்ணி. சத்து வெளியிலேருந்து கெடைச்சா செடி முடிச்சைக் கைவிட்டுடுமாம். இப்பத்தான் சொல்றாங்க. ஆனா பயிர் பொழைச்சிடுச்சு, பாருங்க."

வயல் கரும்பச்சையாக அசைந்துகொண்டிருந்தது.

"ஆமா தம்பி, பொழைச்சிடுச்சு" என்றபடி அஞ்சுகம் முந்தானையால் பொட்டைத் துடைத்தாள்.