குரல் மட்டும்

பெரியவர் இன்றைக்கும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு முதுகு, தெருவுக்கு முகம்.

பிரவுசிங் கடைக்கு வருகிற மற்றவர்கள் எல்லாம், அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற ரகம். தங்கள் வேலை நடக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து ஆளுக்கு என்ன வேலை என்று அதைவிட ஆர்வமாகப் பார்ப்பார்கள். திரைப் பக்கமே திரும்பாத ஆசாமி இவர் ஒருவர்தான்.

அதுதான் அவளுக்கு முதலில் இடித்தது.

கொண்டு வருகிற வேலையும் அப்படி. இணையத்தில் ஒரு பெண் தையல் சொல்லித் தருகிறாள். வாரம் ஒரு வீடியோ. அது வந்த மறுநாள் காலையில் இவர் கடை வாசலில் நிற்பார். வீடியோவிலிருந்து குரலை மட்டும் பிரித்து, எம்பி3 ஆக்கி, போனில் ஏற்றித் தர வேண்டும். படம் வேண்டாம்.

இன்றைய பாடம், காலர் கோணாமல் வைப்பது எப்படி.

காதால் கேட்டு எவன் காலர் வைத்தான்? அவருக்கும் தையலுக்கும் வெகுதூரம் என்பதற்கு அவர் சட்டையே சாட்சி. துணி நல்ல துணிதான். காலர் மட்டும் பின்கழுத்தில் ஒரு பக்கமாக இறங்கிக் கோணிக்கொண்டு நின்றது. தையல் தெரிந்தவர் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க மாட்டார்.

முதல் தடவை அவள் ஒரு தப்புச் செய்துவிட்டாள். வீடியோவின் முகப்புப் படம் எம்பி3-க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டது. வாசலைத் தாண்டியவர் உடனே திரும்பி வந்து, போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"குரல் மட்டும் போதும்னு சொன்னேன்லம்மா. முகம் எதுக்கு?"

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. சித்தியின் மகன் குரலிலேயே எவனோ போனில் அழுது, சித்தி சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்சம் பேச்சு கிடைத்தால் போதுமாம், மிச்சத்தை மெஷினே பேசிவிடுமாம். இப்போதெல்லாம் நிஜ மகன் கூப்பிட்டாலும் சித்தி போனை எடுப்பதில்லை.

இந்தத் தையல்காரிக்கும் ஒரு வீடு இருக்கும், பெற்றவர்கள் இருப்பார்கள். நாளைக்கு அங்கே இதே குரலில் ஒரு போன் போனால்? குரலைப் பிரித்துக் கொடுத்த கை யாருடையது?

திரையில், குரல் பிரிகிற வேலையைக் காட்டும் பட்டை பாதியைத் தாண்டிவிட்டது. போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டால், அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

வீடியோவுக்குக் கீழே, தையல் வகுப்பில் சேர ஒரு வாட்ஸ்அப் நம்பர் இருந்தது. அவள் தன் போனை மெல்ல எடுத்து, சத்தம் வராமல் ஒரு படம் பிடித்தாள். முகம் எங்கே கிடைக்கிறது, முதுகுதான் கிடைத்தது. வழுக்கை, ஒல்லிக் கழுத்து, அந்தக் கோணல் காலர். படத்துக்குக் கீழே எழுதி அந்த நம்பருக்கு அனுப்பினாள்.

'உங்க வீடியோவுல குரலை மட்டும் ஒருத்தர் வாராவாரம் பிரிச்சு வாங்கிட்டுப் போறார். படம் வேண்டாங்கிறார். ஆள் யாருன்னு தெரியுதா? ஜாக்கிரதையா இருங்க.'

நீலக் குறி உடனே விழுந்தது. அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தது. பதில் மட்டும் வரவில்லை.

பட்டை முடிந்தது. சரிபார்க்க ஹெட்போனை நீட்டினாள். அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் அழுத்திக்கொண்டார். சத்தத்தைக் கூட்டச் சொல்லி விரலை ஆட்டினார். கூட்டினாள். இன்னும் ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டது பக்கவாட்டில் தெரிந்தது.

ஊசி நூல் சமாச்சாரத்தில் இப்படி ரசிக்க என்ன இருக்கிறது? அவளுக்கு உடம்பு கூசியது. இந்தத் தடவை கொடுக்கப் போவதில்லை, கரண்ட் போய் ஃபைல் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

போன் அதிர்ந்தது.

'அந்தக் காலர் நான் வச்சது. நான் முதன்முதலா வச்ச காலர்.'

அவள் நிமிர்ந்து அந்தப் பின்கழுத்தைப் பார்த்தாள்.

'எங்கப்பா. என் கல்யாணத்தன்னிக்கு, இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவரு. சொன்னா சொன்னதுதான் அவருக்கு.'

அடுத்தது உடனே வந்தது.

'நீங்க எதுவும் கேட்டுடாதீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா வர்றதை நிறுத்திடுவாரு.'

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்தபடி எதுவும் கேட்டுத் தொலைக்காமல் இருந்தோமே என்று ஆறுதலாகவும் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் பெரியவர், தெருவைப் பார்த்தபடி.

"ஒரு நிமிஷம்ப்பா."

ஃபைலைத் திறந்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த முகப்புப் படத்தை எடுத்துப் போட்டாள். படத்தின் துணுக்குகூட மிச்சமில்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் அவர் போனில் ஏற்றினாள்.

அவர் சட்டைப் பையில் போனைப் பத்திரப்படுத்திக்கொண்டு, படியிறங்கிக் கூட்டத்தில் கலந்தார். கோணல் காலர் கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

அவள் போன் மறுபடி அதிர்ந்தது.

'அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். அடுத்த வீடியோவுல இருந்து நான் கொஞ்சம் சத்தமாப் பேசறேன்.'